இரண்டு மணி நேர விருந்தாளி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், இங்கிலாந்தில் என் அக்காள் மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலை, தபாலில் வந்த கடிதம் ஒன்றைப் பிரித்துப் படித்தவன், அதை மறுபடியும் உறைக்குள் செருகி ரொட்டித் தட்டுக்கு அடியில் வைத்தான். என் கண்ணில் படக்கூடாது என்பது அவன் எண்ணம். கதை எழுதுகிறவன் ஒருவன் விருந்தாளியாக வந்திருக்கும் வீட்டில் எதையும் அப்படி ஒளித்துவிட முடியாது. அவன் குளிக்கப் போனதும் எடுத்துப் படித்தேன். அது நல்ல பழக்கம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

கடிதத்தில் இரண்டு புகைப்படங்கள் இருந்தன. ஒன்றில் அவனுடைய கார் ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்தத்துக்குள் நுழைகிறது. மற்றொன்றில் வெளியேறுகிறது. இடையில் கழிந்த நேரம் 2 மணி 41 நிமிஷம். அனுமதித்த நேரம் 2 மணி. ஆகவே 100 பவுன் செலுத்த வேண்டும். 14 நாளைக்குள் செலுத்தினால் 60 பவுன் போதும்.

நம் வீடுகளில் பவுன் என்றால் எட்டுக் கிராம் தங்கம். காரை நிறுத்தியதற்கு நூறு பவுன் என்று என் தாயார் கேட்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். ஆங்கிலப் பவுனாகவே கணக்குப் பார்த்தாலும் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது.

அந்த 41 நிமிஷமும் என்னால் வந்தது. அந்தத் தொகுதியில் தர்மஸ்தாபனம் ஒன்று நடத்தும் பழைய பொருள் கடை இருந்தது. பின்பக்கத்தில் மூன்று அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் இரண்டு தடவை வந்து, "மாமா, போகலாமா?" என்று கேட்டான். "இதோ ஆச்சு" என்றேன். நம் 'இதோ'வுக்கு எத்தனை நிமிஷம் என்று எந்த அகராதியும் சொல்வதில்லை. பலகையில் எழுதியிருந்த இரண்டு மணி நேரம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும், ஊரிலிருந்து வந்த மாமனை எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. நான் வாங்கிய மூன்று புத்தகங்களின் விலை 2 பவுன்.

குளித்துவிட்டு வந்தவனிடம், "இது பகற்கொள்ளை. கட்டாதே. வழக்குப் போட்டால் போடட்டும்" என்றேன். குற்றம் செய்தவனுக்குத்தான் ரோஷம் அதிகம் வரும்.

"இடம் அவங்களோடது மாமா. பலகை வச்சிருக்காங்க. ரெண்டு மணி நேரம் சும்மா விட்டாங்க. அதுக்கு மேல இருந்தது நாமதானே?"

அவன் அலுவலகம் போய்விட்டான். அவன் சொன்னதற்கு என்ன பதில் சொல்வது என்று பகல் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பே எனக்கு அரைகுறை. ஆனால் அயலூரில் மூன்று வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு எதைப் படிக்கவும் பொழுது இருக்கிறது. அவனுடைய கணிப்பொறியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நாட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எனக்கு விளங்கியது, அந்தக் காகிதம் அபராதமே அல்ல என்பது. அங்கே நகராட்சி விதிக்கும் வாகன அபராதத்தையும், இப்படித் தனியார் நிலத்தில் கேட்கும் தொகையையும் ஒரே மூன்று ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள். பார்த்தவனுக்கு இரண்டும் சர்க்கார் ஓலைபோலவே வயிற்றைக் கலக்கும். ஆனால் அபராதம் போடும் அதிகாரம் தனியாருக்கு இல்லை. அவர்கள் சொல்வது வேறு: 'எங்கள் பலகையைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாய். இரண்டு மணிக்கு மேல் நின்றால் நூறு பவுன் தருகிறேன் என்று அப்போதே ஒப்பந்தம் செய்துகொண்டாய். அதைத்தான் கேட்கிறோம்.' வாயைத் திறக்காமலே, கதவைச் சாத்திவிட்டு நடந்ததையே வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டால் பெண் தலை குனிந்திருப்பதையே சம்மதமாக எடுத்துக்கொண்ட சமூகத்தில் பிறந்தவன் நான். இதைக் கேட்டு ஆச்சரியப்பட எனக்கு அவ்வளவு உரிமை இல்லை.

முன்பு அங்கே கடிதம் அனுப்புவது கிடையாது; சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். காசு கொடுத்தால் பூட்டைத் திறப்பார்கள். இதைப் பற்றி 1992இல் ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கு வந்தது. பிறர் வண்டியைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது திருட்டு, மிரட்டிப் பறித்தல் என்று அந்த நாட்டு நீதிபதிகள் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் அதே மாதிரி வழக்கு. பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்தியவன் பூட்டுக்கும் சம்மதித்தவனே என்று தீர்ப்பாயிற்று. ஒரே தீவு, ஒரே மகாராணி, ஒரே பூட்டு. வடக்கே அது திருட்டு, தெற்கே சம்மதம்.

அந்த ஆங்கில வழக்கில் பூட்டுப் போட்டவர்கள் மற்றொரு வாதமும் வைத்தார்கள். என் நிலத்துக்குள் அடுத்தவன் மாடு புகுந்து பயிரை மேய்ந்தால், நஷ்டத்தைக் கொடுக்கும் வரை மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்க எனக்குப் பழைய நாளிலிருந்தே உரிமை உண்டு. காரும் அப்படித்தான் என்றார்கள். நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. மாடு மேய்ந்தது, கார் சும்மா நின்றது. பயிரழிவு எங்கே?

சம்மதத்துக்கும் எல்லை இருக்கிறது என்பதை 2000இல் வந்த வேறு வழக்கு காட்டுகிறது. ஒரு பெண் காரோட்டிக்கொண்டு வரும்போது உடம்புக்கு முடியாமல் வந்தது. கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் வாந்தியெடுத்தாள். சில நிமிஷத்தில் திரும்பி வந்தால் சக்கரத்தில் பூட்டு. பக்கத்தில் நின்ற பெரிய வண்டி பலகையை மறைத்திருந்தது. பார்க்காத பலகைக்கு அவள் எப்படிச் சம்மதித்திருக்க முடியும் என்று கேட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லியது.

கடைசியில் 2012 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டு கூடாதென்று சட்டம் வந்தது. ஆனால் அதே சட்டம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. வண்டியை ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், வண்டி யார் பொறுப்பில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் தொகையைக் கேட்கலாம். பூட்டு போயிற்று, புகைப்படம் ஒட்டிய கடிதம் வந்தது.

அடுத்த ஆண்டே, 2013 ஏப்ரலில், செம்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் ஒருவர் கடைத்தொகுதி வாகன நிறுத்தத்தில் காரை விட்டார். இரண்டு மணி நேரம் இலவசம். அவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகமாக இருந்துவிட்டார். 85 பவுன் கேட்டுக் கடிதம் வந்தது. நான் சொன்னபடியே அவர் கட்ட மறுத்தார். 85 பவுன் விவகாரம் படிப்படியாக ஏறி, அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. 2015 நவம்பர் 4ஆம் தேதி தீர்ப்பு. ஆறு பேர் அவருக்கு எதிராகவும், டூல்சன் பிரபு ஒருவர் மட்டும் அவருக்குச் சார்பாகவும் சொன்னார்கள்.

சண்டை போடும் எண்ணத்தோடுதான் அந்த ஆறு பேரின் நியாயத்தைப் படித்தேன். முடியவில்லை. அந்த இடத்துக்கு அருகிலேயே ரயில் நிலையம். கட்டுப்பாடு இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டுச் சாயங்காலம்தான் வந்து எடுப்பார்கள். கடைக்கு வருகிறவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு ஊர்க் கடைக்குப் போய்விடுவார். கடைக்காரரும் பிழைக்க வேண்டும். சுமார் இருபது பலகைகள் வைத்திருந்தார்கள், எழுத்தும் பெரிது. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கலாம் என்பதில்லை. வண்டிகள் போய் வண்டிகள் வர வேண்டும் என்பதில் நிலத்துக்கு உரியவருக்கு நியாயமான அக்கறை இருக்கிறது. அந்த அக்கறைக்கு 85 பவுன் மிகையல்ல என்றார்கள். டூல்சன் பிரபு, வாடிக்கையாளரைக் காக்கும் விதிகளின்படி இது செல்லாது என்றார். என் மனசு அவர் பக்கம் இருந்தது. புத்தி மற்ற ஆறு பேரிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் சொல்லியிருக்கும் ஒரு சங்கதி முள்ளாகக் குத்தியது. அந்த நிலம் விமானக் கம்பெனி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி ஒன்றுக்குச் சொந்தம். வாகன நிறுத்தத்தைக் கவனிக்க ஒரு கம்பெனியை வைத்தார்கள். சாதாரணமாக, வேலை பார்ப்பவனுக்கு முதலாளி சம்பளம் கொடுப்பான். இங்கே அந்தக் கம்பெனி முதலாளிக்கு வாரம் 1,000 பவுன் கொடுத்தது! அப்புறம் அதற்கு வருமானம்? நேரம் தவறியவர்கள் கட்டும் தொகை ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லோரும் பலகையைப் படித்துச் சரியாக இரண்டு மணிக்குள் கிளம்பிவிட்டால், கம்பெனி வாராவாரம் ஆயிரம் பவுன் நஷ்டப்பட்டு ஒரு நாள் மூடிவிட வேண்டியதுதான். கடைக்காரருக்கு வேண்டியது, ஜனங்கள் நேரத்தில் கிளம்புவது. கம்பெனிக்கு வேண்டியது, கிளம்பாமல் இருப்பது. இதை நீதிபதிகளும் பார்த்தார்கள். இதில் தவறு காணவில்லை.

என் பாட்டனார் சொன்ன கதை நினைவு வந்தது. கொண்டி மாடுகளை அடைக்க நம் ஊர்களில் பவுண்டு இருந்ததே, அது. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரில் புகுந்த மாட்டை நிலத்துக்காரன் பிடித்துப் பவுண்டில் சேர்க்கலாம்; மாட்டுக்காரன் தெண்டம் கட்டி மீட்டுப் போக வேண்டும். எங்கள் கிராமத்தில் ஒரு வருஷம் பவுண்டை ஏலம் எடுத்தவன் போட்ட பணமே வராமல் தவித்தானாம். அந்த வருஷம் ஊரில் வேலிகள் தாமாகவே அவிழ்ந்துகொண்டன என்பார் பாட்டனார். ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ராத்திரியில் அவன் ஊரைச் சுற்றி வருவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். மாடு எங்கும் புகக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட பவுண்டை, மாடு புகுந்தால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவன் கையில் கொடுத்தார்கள். பவுனும் பவுண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்தான். அன்று மத்தியானம் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் அக்காள் மகன் வந்ததும் இந்த வாதத்தையெல்லாம் அவன் முன்னால் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், அந்தப் பழைய பொருள் கடைக்குத் தொலைபேசியில் பேசினான். நாங்கள் அங்கேதான் இருந்தோம், ரசீது இருக்கிறது, வயதானவர் நேரம் பார்க்கவில்லை என்றான். (நாற்பத்தெட்டு வயதில் என்னை முதியவனாக்கியது வழக்கை ஜோடிப்பதற்காக.) மறுமுனையில் ஒரு பெண் குரல். மிகவும் இனிமையாக, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்: "அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. அதைக் கவனிக்க வேறு ஆட்களிடம் விட்டிருக்கிறது. நீங்கள் அவர்களிடம்தான் பேச வேண்டும்."

இந்த வாக்கியத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கேட்டதில்லை, சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகும் வழியில் என் தகப்பனார் வாங்கிப் போட்ட ஒன்பது சென்ட் காலி மனை இருக்கிறது. பக்கத்திலேயே வீடு. வைகுண்ட ஏகாதசி வந்தால் அந்த வட்டாரத்தில் வண்டி நிறுத்த அங்குலம் இடம் கிடைக்காது. நான் இங்கிலாந்து போவதற்கு முந்திய மார்கழியில், தெருமுனை சைக்கிள் கடைக்காரரின் மகன் வந்து, "சார், மனை சும்மாதானே கிடக்கு? ரெண்டு நாளைக்கு விடுங்க. நாளைக்கு மூவாயிரம் தர்றேன். மிச்சம் என் பாடு" என்றான். துடியான பையன். சம்மதித்தேன். அவன் மனையைச் சுத்தம் செய்து, கயிறு கட்டி, ஒரு பலகை எழுதி வைத்தான். கார் ஒன்றுக்கு 100 ரூபாய் என்று பெரிதாக. அதன் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல் 300 ரூபாய் என்று கொஞ்சம் சிறிதாக. சொர்க்கவாசலுக்கு வருகிற கூட்டத்தில் மூன்று மணி நேரத்தில் யாராவது திரும்பி வந்ததுண்டா? பையனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும், பலகையை நான் படிக்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஏகாதசியன்று முற்பகல் பதினோரு மணி இருக்கும். தொடர்கதைக்கு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரியவர். நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்திருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொன்னார்.

"தம்பி, அந்த இடம் உங்களுதுங்களா?"

"ஆமாம்."

"ராத்திரி நூறு ரூபாய் குடுத்துத்தான் வண்டிய விட்டோம். இப்ப இன்னும் இருநூறு குடுத்தாத்தான் கயித்த அவுப்பேன்னு பையன் சொல்றான். வீட்டுக்காரிக்கு முட்டி வலி, நடக்க முடியாம உக்கார்ந்துட்டா. அதான் நேரமாயிருச்சு."

என் கதாநாயகி அப்போது ரயிலேறும் தறுவாயில் இருந்தாள். நான் சொன்னேன்: "அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைங்க. அந்தப் பையனுக்கு விட்டிருக்கேன். நீங்க அவன்கிட்டத்தான் பேசிக்கணும்."

அவர் சற்று நேரம் நின்றார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து அம்மா, "யாரு?" என்று கேட்டாள். "கார்க்காரர்" என்றேன். "தண்ணி குடுத்தியா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் ரயிலைக் கிளப்பினேன்.

வா என்று சொல்ல நிலத்துக்காரனுக்கு உரிமை உண்டு. வராதே என்று சொல்லவும் உண்டு. இருட்டுவதற்குள் போய்விடு என்று சொல்லவும் உண்டு. இந்த மூன்றையும் நான் பையனுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு விட்டதில் தவறில்லை. ஆனால் வாசலில் வந்து நின்று 'இடம் உங்களுடையதா' என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் அதனோடு சேர்த்துக் குத்தகைக்கு விட முடியுமா? ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த மூச்சில், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றேன். செம்ஸ்ஃபோர்டு நிலத்தின் சொந்தக்காரர்களாவது, பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ இருக்கும் ஆயிரக்கணக்கான முதியவர்கள். அவர்களுக்கு அந்த நிலம் இருப்பதே தெரிந்திருக்காது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை இதை அக்காள் மகனிடம் சொன்னேன். அவன் நான் எதிர்பார்த்தபடி உருகவில்லை.

"சரி மாமா, கேட்டு என்ன செஞ்சிருப்பீங்க? விட்டிருப்பீங்க. அப்புறம் அடுத்தவர் வருவாரு. ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்குப் பழைய புத்தகம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை இருக்கும். நல்லாக் கதை சொல்றவரை விட்டுட்டு, சொல்லத் தெரியாதவர்கிட்ட வாங்குவீங்களா? கேமரா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எழுத்தாளனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அதிலும் அவன் சொன்னது வெறும் வாதமல்ல. அந்த ஏகாதசியன்று எங்கள் மனையில் ஒரு பைசாக்கூடக் கொடுக்காமல் இரண்டு நாளும் நின்ற கார் ஒன்று உண்டு. அது யாருடையது என்று பையனைக் கேட்டதற்கு, வட்டாரத்துப் பெரிய மனிதர் ஒருவருடையது என்றான். மனிதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரக்கத்துக்கு வழி இருக்கும். அதே வழியாகத்தான் அந்தக் காரும் உள்ளே வந்தது. அக்காள் மகன் பத்து ஆண்டுகளாக அந்த நாட்டில் இருக்கிறான். முகத்தைப் பார்த்து நியாயம் மாறாத இடம் என்பதாலேயே அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. அதை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் உடம்பு முடியாமல் இறங்கிய அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்தது, யாரோ ஒருவர் அவளுடைய கதையை முழுவதும் உட்கார்ந்து கேட்டதால்தான். அதற்கு அவள் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலுக்குப் பொது நெறிமுறை வகுக்க வேண்டும் என்று 2019இல் அங்கே பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். 2022 பிப்ரவரியில் அரசாங்கம் நெறிமுறையை வெளியிட்டது. பெரும்பாலான இடங்களில் 50 பவுனுக்கு மேல் கேட்கக்கூடாது என்றது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்த ஜூன் மாதமே அரசாங்கம் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது.

அக்காள் மகன் அன்றே 60 பவுன் கட்டிவிட்டான். நான் பணத்தைக் கொடுத்தேன், வாங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று அவனுடைய அலமாரியில் ஒரு கவரில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அது என் பெட்டியின் அடியில், வேட்டிக்குள் கிடைத்தது.

அடுத்த மார்கழியில் சைக்கிள் கடைப் பையன் மறுபடியும் வந்தான். நாளைக்கு நாலாயிரம் தருவதாகச் சொன்னான். இந்தத் தடவை யாருக்கும் விடவில்லை, மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு நானே உட்காரப் போகிறேன் என்றேன்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "நீங்க உக்கார்ந்தா ஒருத்தனும் காசு குடுக்க மாட்டான் சார். எல்லாரும் உங்ககிட்டக் கதை சொல்லிட்டுப் போயிருவான்."

அப்படியே நடந்தது. இரண்டு நாளில் வசூல் 1,150 ரூபாய். தண்ணீர்க் குடத்தை அம்மா மூன்று தடவை நிரப்பினாள். அந்தப் பெரிய மனிதரின் கார் அந்த வருஷமும் வந்தது. அவரிடம் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.